போரில் இறந்த குண்டுவீச்சு விமானியை நினைவுகூர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தேவாலய வாசலிலோ நாற்சந்தியிலோ போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்று நிற்கும். அவர்களை நினைவுகூரும் நவம்பர் மாதம் நெருங்கினால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பார்கள்: அதில் ஒரு பெயரை எடுத்துக்கொள், அவர் யார் என்று தேடி எழுது. இங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே வேலைதான். பிள்ளை கையில் எடுத்த பெயர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் போனவருடையது என்றால், பெற்றோரிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். உதாரணம் தேவைப்படும் இடங்களில் கூடியவரை ஒரே ஆளை வைத்துச் சொல்கிறேன். அவர் சிரில் பார்ட்டன்.

யார் இந்த பார்ட்டன்? ஏன் அவரை எடுத்தீங்க?

பிரிட்டனின் ராயல் விமானப்படையில் 578ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த விமானி. ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டியவர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் நகரைத் தாக்கப் புறப்பட்ட 795 விமானங்களில் அவருடையதும் ஒன்று. நிலா வெளிச்சம் நன்றாக அடித்த இரவு அது. ஜெர்மன் இரவுப் போர் விமானங்களுக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. 95 விமானங்கள் திரும்பி வரவில்லை. பாம்பர் கமாண்ட் ஒரே இரவில் சந்தித்த மிகப் பெரிய இழப்பு அதுதான்.

இலக்கை அடையும் முன்பே பார்ட்டனின் விமானம் தாக்கப்பட்டது. உள்ளே ஒருவரோடொருவர் பேசும் இண்டர்காம் செத்துப்போனது, ஒரு என்ஜின் பழுதானது, எரிபொருள் கசிந்தது. குழப்பத்தில் ஒரு சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு வழிகாட்டியும், குண்டு போடுபவரும், வயர்லெஸ் ஆபரேட்டரும் பாராசூட்டில் குதித்துவிட்டார்கள். பார்ட்டன் பாதியில் திரும்பவில்லை. இலக்கு வரை போய்க் குண்டுகளைத் தானே போட்டுவிட்டு, வழிகாட்டி இல்லாமல் நாலரை மணி நேரத் தூரத்தைப் பறந்து இங்கிலாந்துக் கரையைத் தொட்டார். சண்டர்லண்டுக்குப் பக்கத்தில் ரைஹோப் என்ற சுரங்க ஊரின் மேலே வரும்போது எரிபொருள் தீர்ந்தது. வீடுகளைத் தவிர்க்கப் பார்த்து விமானத்தை இறக்கினார். உள்ளே இருந்த மூவர் பிழைத்தார்கள், அவர் இறந்தார். வயது 22. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் இறந்த பிறகு வழங்கப்பட்டது.

அவரை எடுத்ததற்குக் காரணம் விருது மட்டும் இல்லை. பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் பலவும் இந்த ஒரே சம்பவத்துக்குள் இருக்கின்றன.

பாம்பர் கமாண்ட் என்றால் என்ன? அவ்வளவு பேரா செத்தார்கள்?

ராயல் விமானப்படையில் குண்டுவீச்சுக்கென்று 1936ல் உருவாக்கப்பட்ட பிரிவு. போர்க்காலம் முழுக்க சுமார் 1,25,000 பேர் அதன் விமானங்களில் பறந்தார்கள். 55,573 பேர் இறந்தார்கள். அதாவது நூற்றுக்கு 44 பேர். காயம்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் இல்லை.

பறக்கும் வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை, எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். ஒரு சுற்று என்பது 30 தாக்குதல் பயணங்கள். அதை முடித்தால் கொஞ்ச காலம் ஓய்வு, பயிற்சி கொடுக்கும் வேலை, அப்புறம் வேண்டுமானால் இரண்டாம் சுற்று. 30ஐ எண்ணி முடிக்கக் கொடுத்துவைத்தவர்கள் குறைவு.

கல்லில் "பைலட் ஆபீசர்" என்று இருக்கு. அப்ப விமானத்தை ஓட்டினது அவர்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பைலட் ஆபீசர் என்பது அதிகாரிகளின் பதவிப் படியில் ஒன்று, அவ்வளவுதான். பின்பக்கத் துப்பாக்கி வீரர்கூட பைலட் ஆபீசராக இருப்பார். விமானத்தை ஓட்டியவர் வெறும் சார்ஜெண்டாக இருப்பார். பார்ட்டன் விஷயத்தில் பதவியும் வேலையும் தற்செயலாகப் பொருந்திவிட்டன. கல்லறைக் கல்லில் பதவிக்குக் கீழே "விமானி", "வழிகாட்டி" என்று வேலை தனியாகப் பொறித்திருக்கும். அதைப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. விமானத்துக்குள் தலைவர் எப்போதும் விமானிதான். அவர் சார்ஜெண்டாகவும் வழிகாட்டி அவரைவிட மேல் பதவியிலும் இருந்தாலும், பறக்கும்போது விமானி சொல்வதுதான் முடிவு.

அண்ணை, என்ட மகள் பைலட்டைப் பற்றி எழுதினால் போதும்தானே? மற்ற ஆறு பேர் எதுக்கு?

எழுதத்தான் வேண்டும் என்பேன். லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் ஆகிய குண்டுவீச்சு விமானங்களில் வழக்கமாக ஏழு பேர்: விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், வழிகாட்டி, குண்டு போடுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், மேல்பக்கத் துப்பாக்கி வீரர், வால்பக்கத் துப்பாக்கி வீரர். பயிற்சிக் காலத்தில் இவர்களில் பெரும்பாலோரை ஒரு பெரிய கூடத்தில் விட்டு, 'நீங்களே உங்களுக்குள் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். உத்தரவு போட்டுச் சேர்த்த குழு இல்லை அது. அதனால் அந்த நெருக்கமும் வேறு மாதிரியானது.

விமானியின் சாவைப் புரிந்துகொள்வதற்கே மற்ற ஆறு பேர் தேவை. 1942 வசந்த காலத்துக்குப் பிறகு இரண்டாவது விமானி என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். அடிபட்ட விமானத்தில் கட்டுப்பாட்டை விட்டு விமானி எழுந்தால், மற்றவர்கள் குதிப்பதற்குள் அது சுழன்று விழும். ஆகவே அவர் கடைசி ஆள். லெஸ்லி மான்சர் என்ற விமானிக்கு 1942 மே 30 இரவு கொலோன் தாக்குதலிலிருந்து திரும்பும்போது இதுதான் நடந்தது. தோழர் ஒருவர் பாராசூட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது, 'நீ போ' என்று கையசைத்து அனுப்பிவிட்டார். மற்றவர்கள் குதிக்கும் வரை விமானத்தைப் பிடித்துவைத்திருந்தவர், அதோடு போய்ச் சேர்ந்தார். இன்று பெல்ஜியத்தில் ஹெவர்லே போர்க் கல்லறையில் இருக்கிறார். தப்பியவர்கள் திரும்பி வந்து சொன்னதால்தான் இது நமக்குத் தெரியும். ஏழு பேரும் இறந்த விமானங்களில் விமானி கடைசி நிமிடத்தில் என்ன செய்தார் என்று சொல்ல ஆளே இல்லை. பிள்ளை எழுதும்போது இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

ஏழு பேர் போகும் விமானத்தில் எட்டுப் பெயர் இருக்கு. பதிவில் பிழையா?

அநேகமாக இல்லை. புது விமானி தன் குழுவை அழைத்துக்கொண்டு முதல் தாக்குதலுக்குப் போகும் முன், அனுபவமுள்ள வேறொரு குழுவோடு பார்வையாளராக ஒருமுறை போய் வர வேண்டும். விமானப்படைப் பேச்சில் 'செகண்ட் டிக்கி' என்பார்கள். அந்த விமானம் விழுந்தால் எட்டுப் பெயர்.

இப்படி இறந்தவரைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும். அவருடைய சொந்தக் குழுவின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. தலைவனை இழந்த அந்த ஆறு பேரை இன்னொரு விமானியிடம் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்பது தனிக் கதை, பல சமயம் அதுவும் நல்லபடி முடிந்திருக்காது.

ஒரு இடத்தில் மார்ச் 30, இன்னொரு இடத்தில் 31 என்று போட்டிருக்கே?

ராத்திரி புறப்பட்டு விடியும்போது திரும்பும் வேலை. அதனால் தாக்குதலை '30/31 மார்ச்' என்று இரண்டு தேதியாக எழுதுவார்கள். கல்லில் ஒரு தேதிதான் வரும். பார்ட்டன் விடிகாலையில் இறந்ததால் அவருக்கு 31. நேரம் தெரியாமல் காணாமல் போனவர்களுக்கு ஏதாவது ஒரு தேதி பதிவாகியிருக்கும். பிள்ளை எழுதும்போது இரண்டையும் சேர்த்து எழுதிவிடட்டும்.

"காணவில்லை" என்கிறார்கள், "இறந்ததாகக் கொள்ளப்பட்டது" என்கிறார்கள், "போரில் கொல்லப்பட்டார்" என்கிறார்கள். எது சரி?

மூன்றும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வரக்கூடியவை. விமானம் திரும்பவில்லை என்றதும் வீட்டுக்கு 'காணவில்லை' என்று தந்தி போகும். பின்னாலேயே படைப்பிரிவுத் தலைவரின் கடிதம். அவருடைய அறையிலிருந்த பொருட்களை அதற்கென்று இருந்த குழு சரிபார்த்துக் கட்டி அனுப்பும். குடும்பத்தைச் சங்கடப்படுத்தும் கடிதமோ படமோ இருந்தால் எடுத்துவிடுவதும் அவர்கள் வேலையில் சேர்ந்தது. பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டிருந்தால் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தகவல் வரும். பார்ட்டனின் விமானத்திலிருந்து குதித்த மூவரும் அப்படித்தான் போர்க்கைதிகளாகப் பிழைத்தார்கள். எந்தத் தகவலும் வராவிட்டால் பொதுவாக ஆறு மாதம் காத்திருந்து 'இறந்ததாகக் கொள்ளப்பட்டது' என்று அறிவிப்பார்கள்.

போர் முடிந்த பிறகு, காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்றே விமானப்படையில் ஒரு பிரிவு ஐரோப்பா முழுக்க அலைந்தது. உள்ளூர் ஆட்களை விசாரித்து, அடையாளம் தெரியாத குழிகளைத் தோண்டி, சட்டையில் தைத்த சலவை அடையாளத்தையும் மோதிரத்தையும் பற்களையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். யாரும் பெரிதாகப் பேசாத வேலை அது. இன்று பல குடும்பங்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இருக்கிறதென்றால் அவர்களால்தான்.

உடலை ஏன் ஊருக்குக் கொண்டுவரவில்லை? அரசாங்கத்துக்கு வசதி இல்லையா?

வசதி பிரச்சினை இல்லை, கொள்கை. முதல் உலகப் போரிலேயே எடுத்த முடிவு. பணக்காரர் வீட்டுப் பையன் மட்டும் ஊர் திரும்பி, ஏழை வீட்டுப் பையன் அங்கேயே கிடப்பது கூடாது என்று, இறந்த மண்ணிலேயே எல்லோரையும் புதைத்தார்கள். 1917ல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் இன்றும் அதையே கடைப்பிடிக்கிறது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு கிடையாது. கல்லின் அடியில் குடும்பத்தார் ஓரிரு வரி சேர்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த வரிகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஜெர்மனியில் விழுந்தவர்களைச் சிறு ஊர்க் கல்லறைகளிலிருந்து எடுத்து ரைஷ்வால்ட், ரைன்பெர்க், டுர்ன்பாக், பெர்லின் போன்ற பெரிய போர்க் கல்லறைகளில் சேர்த்தார்கள். பெர்லினில் இருப்பவர்களில் பெரும்பகுதி விமானப்படையினர். பிரிட்டன் மண்ணில் இறந்தவர்களை மட்டும் குடும்பம் விரும்பினால் சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம். அதனால்தான் பார்ட்டன் லண்டன் பக்கம் கிங்ஸ்டனில் இருக்கிறார்.

நாலு கல்லும் ஒட்டி ஒட்டி நிற்குதே, இட நெருக்கடியா?

இல்லை. எரிந்து விழுந்த விமானத்தில் யாருடைய உடல் எது என்று பிரிக்க முடியாதபோது சேர்த்தே புதைத்து, கற்களைத் தோளோடு தோள் ஒட்டினாற்போல் நிறுத்துவார்கள். விமானப்படைக் கல்லறைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

கல்லறையே கிடைக்கவில்லை என்றால்?

ரன்னிமீட் போக வேண்டும். தேம்ஸ் நதியைப் பார்த்தபடி கூப்பர்ஸ் ஹில் மேட்டில் 1953ல் திறந்த விமானப்படை நினைவகம் அது. பிரிட்டனிலிருந்தும் வட, மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து, கல்லறை தெரியாமல் போன 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே ஜன்னல் ஓரக் கற்களில் வரிசையாக இருக்கின்றன. ஜான் நெட்டில்டன் பெயரும் உண்டு. 1942ல் பட்டப்பகலில் ஆக்ஸ்பர்க் தாக்குதலை முன்னின்று நடத்தி விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அடுத்த வருடம் டூரினிலிருந்து திரும்பும்போது கடலோடு போனார்.

போகிறவர்கள் நூர் இனாயத் கானின் பெயரையும் தேடிப் பாருங்கள். திப்பு சுல்தான் வழிவந்தவர், விமானப்படைப் பெண்கள் பிரிவிலிருந்து ரகசிய வயர்லெஸ் ஆபரேட்டராகப் பிரான்சுக்குப் போனவர், 1944ல் நாஜிகளின் டாக்கவ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர். குண்டுவீச்சுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் அதே சுவர்.

சார், எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்?

முதலில் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கம். பெயர், படை எண், ஸ்குவாட்ரன், தேதி, இடம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் படை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து லிங்கன் நகரில் இருக்கும் சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பதிவேடு. அதில் விமானத்தின் எண், உடன் போனவர்கள், எங்கே விழுந்தது என்பது வரை இருக்கும்.

அதற்கு மேலே ஆழமாகப் போக வேண்டுமானால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நாள்தோறும் எழுதிய செயல்பாட்டுப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. யார் எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று வரிசையாக இருக்கும். திரும்பாதவர் வரியில் நேரம் இருக்காது. அந்த ஒரு பதிவோடு நிறுத்தாமல், அவர் பெயர் வரும் முந்தைய பயணங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள். எத்தனையாவது பயணத்தில் போனார் என்பது அப்போது தானாகத் தெரியும். ஆளைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இறந்தவர் ஆஸ்திரேலியர் அல்லது கனடியர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த நாடுகளின் காப்பகங்கள் போரில் இறந்தவர்களின் கோப்புகளைத் தாராளமாகத் திறந்துவைத்திருக்கின்றன. தாய் எழுதிய கடிதம்கூட உள்ளே இருக்கும்.

அவருடைய பறப்புக் குறிப்பேடு கிடைக்குமா?

குடும்பத்திடம் இருந்தால் உண்டு. ஒவ்வொரு விமானியும் தான் பறந்த மணி நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். இரவுப் பயணங்களைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். கடைசி வரியை வேறொருவர் எழுதியிருப்பார். யாரும் கேட்டு வாங்காத குறிப்பேடுகளில் மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை 1960 வாக்கில் அரசே அழித்துவிட்டது. அநியாயம்தான்.

அவர் பயிற்சியில் விழுந்து செத்தவராம். அப்ப "போரில் இறந்தவர்" என்று சொல்லலாமா?

'போர்ச் செயலில் கொல்லப்பட்டார்' என்று சொல்ல முடியாது. 'பணியில் இறந்தார்' என்று எழுதுங்கள். ஆனால் கல்லும் மரியாதையும் அதே அளவுதான். மேலே சொன்ன 55,573 பேரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள். தேய்ந்துபோன பழைய விமானங்கள், மோசமான வானிலை, அனுபவமில்லாத குழு. எதிரி தேவைப்படவில்லை.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொரு சந்தேகமும் வரும். லிங்கன் மையத்தில் சுமார் 58,000 பெயர்கள் இருக்கின்றனவே என்பார்கள். விமானத்தில் பறந்தவர்களோடு தரையில் வேலை செய்த ஆண்களையும் பெண்களையும் அங்கே சேர்த்திருக்கிறார்கள். இரண்டு எண்ணும் பொய் இல்லை, எண்ணப்பட்டவர்கள் வேறு.

செத்த பிறகு பதக்கம் கொடுத்தார்களா? இவர் இவ்வளவு செய்தும் ஒன்றுமே இல்லையே?

அந்தக் கால விதி இறுக்கமானது. இறந்தவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம், அல்லது 'அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டார்' என்ற சிறு கௌரவம் கொடுக்கலாம். நடுவில் எதுவும் கிடையாது. விமானிகள் வழக்கமாகப் பெறும் பறப்புச் சிலுவை, உயிரோடு இருக்கும்போதே பரிந்துரைக்கப்பட்டிருந்தால் மட்டும் வரும். 1979ல்தான் இந்த விதி தளர்ந்தது. எனவே விருது இல்லை என்பதால் துணிச்சல் இல்லை என்று பிள்ளை முடிவு கட்டக் கூடாது. சாட்சி சொல்ல ஆள் பிழைக்காததும் ஒரு காரணம்.

பொதுப் பதக்கங்கள் எல்லோருக்கும் உண்டு. பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவின் மேலே பறந்தவர்களுக்கு 1944 ஜூன் 5 வரை ஏர் குரூ ஐரோப்பா நட்சத்திரம், அதன் பிறகு பிரான்ஸ்-ஜெர்மனி நட்சத்திரம். பாம்பர் கமாண்டுக்கென்று தனி அடையாளப் பட்டை 2013ல்தான் வந்தது. லண்டன் கிரீன் பார்க்கில் நினைவகம் திறந்ததும் 2012ல்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நகரத்து மேல குண்டு போட்டவனுக்கு எதுக்கு அஞ்சலி? கீழே செத்தது சனங்கள் இல்லையா?

இதை என்னிடம் அதிகம் கேட்பவர்கள் ஈழத்திலிருந்து வந்தவர்கள். விமானச் சத்தம் கேட்டு பதுங்குகுழிக்குள் ஓடியவர்களிடம் 'அது வேறு போர்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொல்லவும் கூடாது.

நடந்ததை நடந்தபடி சொல்லலாம். 1942 பிப்ரவரியில் வந்த உத்தரவு, எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் மனவுறுதியைக் குலைப்பதைக் குறியாக வைத்தது. ராத்திரியில் தொழிற்சாலையை மட்டும் பார்த்து அடிக்கும் திறன் அப்போது இல்லை, ஆகவே நகரத்தையே அடித்தார்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் எழுந்த தீப்புயலிலும் அதைச் சுற்றிய தாக்குதல்களிலும் 34,000 முதல் 40,000 பேர் வரை இறந்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் 25,000 பேர் வரை. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இன்னொரு பக்கம், ஜெர்மன் குண்டுகளால் பிரிட்டனில் 1940, 41ல் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருந்தார்கள், ஐரோப்பாவில் பாதி நாஜிகளின் கையில் இருந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழித்துவிட முடியாது. இலக்கைத் தீர்மானித்தது 22 வயது விமானி அல்ல என்பது உண்மை. குண்டு அவர் விமானத்திலிருந்து விழுந்தது என்பதும் உண்மை. பார்ட்டன் குண்டு போடுபவர் இல்லாமல் தானே போட்டார் என்று முதல் பதிலில் சொன்னேன். விருதுக் குறிப்பு அதைத் துணிச்சல் என்கிறது. நியூரம்பர்க்கில் அன்றிரவு இருந்தவர் வேறு சொல் சொல்வார். பிள்ளையின் கட்டுரையில் இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

ரைஹோப்பில் அன்று காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியும் அந்த விமானம் விழுந்ததில் இறந்தார். அவரை விட்டுவிட்டு பார்ட்டன் கதையைச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. கிரீன் பார்க் நினைவகத்திலேயே, குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டினரையும் நினைவுகூர்வதாக ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். டிரெஸ்டனில் இடிந்து கிடந்த ஃப்ராவன் தேவாலயத்தை மறுபடி கட்டி 2005ல் திறந்தபோது, கோபுர உச்சியில் நின்ற சிலுவை லண்டனில் செய்தது. அதைச் செய்த கைவினைஞரின் அப்பா டிரெஸ்டன் மேலே பறந்த விமானிகளில் ஒருவர்.

நம்ம ஆட்கள் யாராவது இதில் இருந்தார்களா?

பாம்பர் கமாண்டில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். இந்தியர்கள் சொற்பம். இந்திய விமானப்படையின் குண்டுவீச்சு வேலை பெரும்பாலும் பர்மா பக்கம் நடந்தது. 7, 8ஆம் ஸ்குவாட்ரன்கள் வெஞ்சன்ஸ் என்ற செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்களில் பறந்தன. தெற்கு, கிழக்கு ஆசியாவில் கல்லறை தெரியாமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அது பக்கம்.

வயலில் ஒரு விமானத் துண்டு கிடைத்தது. நினைவாக எடுத்து வைக்கலாமா?

பிரிட்டனில் கூடாது. ராணுவ விமானம் விழுந்த இடங்கள் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாகவே பாதுகாக்கப்பட்டவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் தோண்டவோ எடுக்கவோ முடியாது. உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம் என்பதுதான் காரணம்.

அது வெறும் பயம் இல்லை. நெதர்லாந்து அரசு, காணாமல் போனவர்கள் உள்ளே இருக்க வாய்ப்புள்ள விமானங்களைத் திட்டமிட்டு வெளியே எடுத்துவருகிறது. 1943 மார்ச்சில் பெர்லினிலிருந்து திரும்பும்போது விழுந்த ஒரு ஸ்டர்லிங் விமானத்தை 2020ல் மார்க்கர்மேர் ஏரியின் அடியிலிருந்து எடுத்தார்கள்.

கல்லறைக்குப் போகிறோம். விளக்கு, கற்பூரம் ஏற்றலாமா? பாப்பி குத்தணுமா?

பூ வைக்கலாம், கும்பிடலாம், சும்மா நிற்கலாம். நெருப்பு மட்டும் வேண்டாம். அந்த வெள்ளைக் கற்களில் பலவும் போர்ட்லண்ட் சுண்ணாம்புக் கல், கரியும் எண்ணெயும் பட்டால் போகாது. நினைவாகச் சட்டையில் குத்தும் பாப்பிப் பூ கட்டாயம் இல்லை. சிவப்புப் பாப்பி குத்துபவர்களும் உண்டு, அமைதிக்காக வெள்ளைப் பாப்பி குத்துபவர்களும் உண்டு, எதுவுமே குத்தாமல் நவம்பர் 11 காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பவர்களும் உண்டு.

பிள்ளை எழுதி முடிச்சாச்சு. இனி இதை என்ன செய்வது?

முதலில் ஒரு சரிபார்ப்பு. கட்டுரையில் விமானி பேசுவது போல வசனம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் அம்மாவை நினைத்தார், நாட்டை நினைத்தார் என்ற வரிகளையும்தான். நான்காம் பதிலில் சொன்னதுபோல, பிழைத்தவர் சொன்னால் மட்டும் எழுதலாம்.

அப்புறம் லிங்கன் மையத்துக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் புகைப்படமும் கூடுதல் தகவலும் திருத்தமும் சேர்த்துக்கொள்கிறார்கள், உறவினராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உயிரோடு இருக்கும் உறவினர்களின் பெயரும் முகவரியும் கட்டுரையில் வந்திருந்தால் அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள். இன்னொரு பிரதியை அந்தக் கல் நிற்கும் தேவாலயத்தில் கொடுங்கள், பல இடங்களில் இதற்கென்றே ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். படை எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் வேறு ஆள்.